இலையைக் குட்டியே பொறுக்கட்டும்

அன்புள்ள கண்ணாவுக்கு,

நேற்று போனில் நீ சொன்னதிலிருந்து என் மனசு குட்டியின் வகுப்பிலேயே நிற்கிறது. இலையுதிர் காலப் பாடத்துக்குப் பத்து இலை கொண்டுவர வேண்டும், வெள்ளிக்கிழமை காலை ஒரு மணி நேரம் வீட்டிலிருந்து யாராவது வந்து வகுப்பில் உட்கார வேண்டும் என்று டீச்சர் தாள் கொடுத்தனுப்பியிருக்கிறார். ஆபீஸிலிருந்து வரும் வழியில் நானே இலையைப் பொறுக்கிவிடுகிறேன், வகுப்புக்குக் குட்டியின் அம்மா போய்க்கொள்ளட்டும் என்று நீ முடித்துவிட்டாய். அப்போதே சொல்லியிருப்பேன், நீ வண்டியில் இருந்தாய்.

இலையை நீ பொறுக்காதே. குட்டி பொறுக்கட்டும். வெள்ளிக்கிழமை நீ போ.

இருபத்தைந்து வருஷம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு இருந்தவள் சொல்கிறேன், பத்து இலை என்று டீச்சர் கேட்பது இலைக்காக இல்லை. ஆறு வயசுப் பிள்ளை மரத்தடியில் குனிந்து, இது வேண்டும் இது வேண்டாம் என்று முடிவெடுக்கிறதே, பாடம் அங்கேயே பாதி நடந்துவிடுகிறது. விளிம்பு பல் பல்லாக இருப்பது, வழவழப்பாக இருப்பது, கை விரித்த மாதிரி இருப்பது என்று பிரித்துவைத்தால் அது அறிவியல். எந்தக் குவியலில் அதிகம், எவ்வளவு அதிகம் என்று எண்ணினால் கணக்கு. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளின் இலைகளையும் நிறவாரியாகத் தரையில் வரிசையாக அடுக்கினால் பட்டை வரைபடம் தானாக வந்துவிடும். நடு நரம்போடு மடித்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எழுதத் தெரியாத பிள்ளைகூட "என் இலை சொரசொரப்பு" என்று ஒரு வரி எழுதிவிடும். நீ பொறுக்கிய இலையைப் பற்றி எழுத அவளுக்கு என்ன இருக்கும்?

இருபது நிமிஷம் போதும். ஒரு பையை அவள் கையில் கொடு. நீ பின்னாலேயே நட. அவள் ஓட்டை விழுந்ததையும் பாதி அழுகியதையும்தான் எடுப்பாள், எடுக்கட்டும். அந்த ஓட்டையைப் போட்டது யார் என்று கேட்டுப் பார், அதற்கே பத்து நிமிஷம் போகும்.

ஏன் சிவப்பாச்சு என்று கட்டாயம் கேட்பாள். உனக்கு மறந்திருக்கும், சொல்லிவிடுகிறேன். பகல் குறையக் குறைய மரம் இலையில் இருக்கும் பச்சையத்தைப் புதிதாகச் செய்வதை நிறுத்திவிடுகிறது, இருந்ததும் சிதைந்துபோகிறது. மஞ்சளும் ஆரஞ்சும் கோடை முழுக்க உள்ளேயே இருந்தவை, பச்சை விலகியதும் வெளியே தெரிகின்றன. அவற்றுக்குக் கரோட்டினாய்டு என்று பேர். சிவப்பு வேறு கதை, பல மரங்களில் ஆந்தோசயனின் என்ற அந்தச் சிவப்பு நிறமி அந்தச் சமயத்தில் புதிதாக உண்டாவது. பகல் நல்ல வெயிலாகவும் இரவு குளிராகவும் இருக்கிற வருஷத்தில் சிவப்பு தூக்கலாக இருக்கும். கடைசியில் காம்பு கிளையோடு சேரும் இடத்தில் ஒரு தடுப்பு அடுக்கு வளர்ந்து, இலை கழன்று விழுகிறது. இத்தனையும் அவளிடம் ஒப்பிக்க வேண்டாம். "மஞ்சள் முன்னாடியே உள்ளே ஒளிஞ்சிருந்துச்சு" என்றால் போதும், கண் விரியும். நிரூபிக்கச் சொன்னால் பச்சை இலையைப் பொடிப்பொடியாகக் கிள்ளி, ஸ்பிரிட் ஊற்றிக் கசக்கி, காபி வடிகட்டும் தாளில் ஒரு துண்டை அதில் நிறுத்திவை. நிறம் மெல்ல ஏறும்போது பச்சைக்கு மேலே மஞ்சள் தனியாகப் பிரிந்து நிற்கும். ஸ்பிரிட்டை நீ ஊற்று, ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பு பக்கத்தில் வேண்டாம். கிள்ளுவது அவள் வேலை.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும், இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. நீ இரண்டாம் வகுப்பில் காய்ந்த இலைகளை ஒட்டி ஒரு பறவை செய்தாய். இரண்டு இறக்கையும் ஒரே பக்கம் இருந்தது. நீ தூங்கினதும் நான் அதைப் பிரித்து எடுத்து, அழகாக வேறு இலை வைத்து ஒட்டிக் கொடுத்தனுப்பினேன். என் வகுப்புப் பெற்றோரிடம் பிள்ளையின் வேலையைத் தொடாதீர்கள் என்று வருஷா வருஷம் சொன்னவள்தான் இதைச் செய்தேன். பெற்றோர் கூட்டத்துக்கு வந்தபோது அந்தப் பறவை சுவரில் நட்டநடுவே தொங்கியது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நீ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், ஓரத்தில் இருந்த ஒரு கோணல்மாணல் ஆந்தையைக் காட்டி, "இதை அவனே பண்ணினான்மா" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். அன்றைக்கு எனக்கு வலித்தது இன்னும் அப்படியே இருக்கிறது.

அதனால்தான் இவ்வளவு பிடிவாதமாக எழுதுகிறேன். குடும்பம் பங்கெடுப்பது என்றால் பள்ளி விழாவுக்கு நாற்காலி போடுவது என்றே பலரும் நினைக்கிறார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜாய்ஸ் எப்ஸ்டீன் என்ற ஆய்வாளர் அதை ஆறு வகையாகப் பிரித்தார், பள்ளிக்குப் போய் உதவுவது அதில் ஒன்றுதான், வீட்டில் பாடத்தோடு சேர்ந்திருப்பது இன்னொன்று. அவர்கள் வடிவமைத்த வீட்டுப்பாடத்தில் பிள்ளைதான் பெரியவர்களுக்கு விளக்கிச் சொல்லும், பெரியவர்கள் பாடம் நடத்த வேண்டியதே இல்லை, கேட்டால் போதும். அதை வகுப்பில் முயன்று பார்த்த பிறகு நான் வீட்டுப்பாடம் கொடுத்த விதமே மாறிப்போனது.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். நீ நினைப்பது எனக்குத் தெரியும், அங்கே அம்மாக்கள்தான் இருப்பார்கள் என்று கூச்சப்படுகிறாய். இருக்கட்டும். நீ அந்தக் குட்டி நாற்காலியில் முழங்கால் முகத்தில் இடிக்க உட்கார்ந்திருப்பதை அவள் வகுப்பே பார்க்கட்டும். பள்ளி திறந்து சில வாரங்கள்தான் ஆகின்றன, அந்த அறை அவளுக்கு இன்னும் டீச்சருடைய அறைதான். அவளுடைய அப்பா அதற்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்து போனால், அடுத்த நாள் அவள் கதவைத் திறந்து உள்ளே போவதே வேறு மாதிரி இருக்கும். எத்தனையோ பிள்ளைகளிடம் பார்த்துவிட்டேன்.

அநேகமாக கிரேயான் தேய்ப்பு இருக்கும். இலையின் நரம்புப் பக்கம் மேலே இருக்க வேண்டும், கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும், இது தெரியாமல் பாதிப் பேர் சலித்துப்போவார்கள். தாளை நகராமல் பிடித்துக்கொள், தேய்ப்பது அவள். பைன் கூம்பு வைத்திருந்தால் ஒன்றைத் தண்ணீரில் போட்டுக் காட்டலாமா என்று டீச்சரிடம் கேள், ஈரத்தில் செதில்கள் மெல்ல மூடிக்கொள்ளும், காய்ந்தால் திரும்ப விரியும், பிள்ளைகள் உயிருள்ளது என்றே நினைப்பார்கள். கொட்டை, விதை எதையும் டீச்சரிடம் கேட்காமல் எடுத்துப் போகாதே, ஒவ்வாமை உள்ள பிள்ளை இருக்கலாம். அப்புறம், யாரும் வர முடியாத பிள்ளை ஒன்றிரண்டாவது இருக்கும், வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பிள்ளையையும் உங்கள் மேசைக்குக் கூப்பிட்டுக்கொள். குட்டியிடம் முதல் நாளே சொல்லிவை, அப்பாவைப் பங்குபோடுவதாக அவளுக்குத் தோன்றக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் "இன்னைக்கு என்ன படிச்சே" என்று கேட்காதே, "ஒண்ணுமில்லை" என்பாள். யாருடைய இலை ரொம்பப் பெரிசு என்று கேள்.

சனிக்கிழமை காலை கூப்பிடுகிறேன். போனை முதலில் அவளிடம் கொடு. நீ பக்கத்திலிருந்து எடுத்துக்கொடுக்காதே, அவளே சொல்லட்டும்.

அன்புடன்,
அம்மா