நீர்மோர்ப் பந்தல் வைப்போர் கவனத்துக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

சித்திரை வெயிலுக்குத் தெருவெங்கும் நீர்மோர்ப் பந்தல் வைப்பது நல்ல காரியம். ஆனால் காலையிலேயே மொத்தமாகக் கரைத்த மோர் உச்சிவேளைக்குள் புளித்துவிடுகிறது. தயிரைத் தனியே குளிர்ச்சியாக வைத்திருந்து, லிட்டருக்கு நான்கு லிட்டர் காய்ச்சி ஆறிய நீர் சேர்த்து, அவ்வப்போது தேவையானதை மட்டும் கரைக்கலாம். உப்பு, பெருங்காயம், தட்டிய இஞ்சி, கறிவேப்பிலை போதும். குழந்தைகளும் குடிப்பதால் பச்சை மிளகாயைக் குறையுங்கள். மீன் பெட்டிக்குப் போகும் ஐஸ் கட்டியை மோரில் போடவே கூடாது. அது குடிப்பதற்கென்று செய்ததல்ல. மண்பானைக்கடியில் ஈரமணல் பரப்பினாலே குளிர்ந்துவிடும். டம்ளரைப் பானைக்குள் முக்காமலிருக்க, குழாய் வைத்த பானை நல்லது. பிளாஸ்டிக் டம்ளருக்குத் தமிழகத்தில் 2019 முதலே தடை. எவர்சில்வர் டம்ளரும் கழுவ இரண்டு வாளி நீரும் வையுங்கள். திறப்பு விழாவில் புகைப்படத்துக்கு நிற்கும் கூட்டம் பத்தாம் நாள் பானையை நிரப்ப வருவதில்லை. முறைவைத்து ஆள் நிறுத்துங்கள்.

- ஒரு வாசகர், மதுரை