ஞாயித்துக்கிழமை அக்காங்களுக்கும் சேச்சிமாருக்கும்

நம்ம ஞாயித்துக்கிழமை அயல்கூட்டத்துல (பொம்பளைங்க சேமிப்புக் குழு) இருக்கற எல்லாருக்கும் வணக்கமுங்க. அடுத்த வாரம் ரெண்டாவது பிரசவத்துக்கு உடுமலை போறேன், திரும்பி வர மூணு மாசம் ஆகும். நேர்ல நன்றின்னு ஆரம்பிச்சா நான் அழுதுருவேன், நீங்க கிண்டல் பண்ணியே கொன்னுருவீங்க. அதான் எல்லாரும் பாக்கட்டும்னு பொதுவுலயே எழுதிட்டேன்.

2018ல கல்யாணம் ஆகி கேரளாவுல பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறைக்கு வந்தேன். இங்க கடை, பஸ், சண்டை எல்லாமே தமிழ்தானே, உனக்கென்ன கஷ்டம்னு எங்கம்மா வீட்ல கேப்பாங்க. பேச ஆள் இருந்தாத்தானுங்க தமிழ் இருந்து பிரயோஜனம். வீட்டுக்காரர் காலைல 7 மணிக்கு கோயமுத்தூர் கம்பெனிக்கு கிளம்பினா ராத்திரிதான் வருவார், அத்தை தொழிலுறப்பு வேலைக்கு (நம்மூர்ல நூறு நாள் வேலைன்னு சொல்றது) போயிருவாங்க, பொழுதன்னைக்கும் நானும் கைக்குழந்தையும்தான். பையனுக்கு மூணு மாசம்னு இங்க கொண்டு வந்து விட்டாங்க, அந்த மாசமே லாக்டவுன். அப்பறம் தமிழ்நாடு-கேரளா எல்லைல இருக்கற கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டவே பாஸ் வேணும்னுட்டாங்க, அம்மா பேரனை வீடியோ கால்லதான் கொஞ்சினாங்க. ஒரு நாள் காலைல இருந்து நான் என்னென்ன பேசினேன்னு யோசிச்சுப் பாத்தேன். "வேண்டாம்", "கீழ வை", "வாயத் தொற". அவ்ளோதான்.

முதல் நன்றி அங்கன்வாடி டீச்சருக்கு. குழந்தைக்குக் குடுக்கற சத்து மாவு, அமிர்தம் பொடி, வாங்கப் போனப்போ என் மூஞ்சியப் பாத்துட்டு "வீட்டில் சம்சாரிக்கான் ஆரும் இல்லே?"ன்னு கேட்டாங்க. சம்சாரம்னா பொண்டாட்டின்னு நினைச்சு "நான்தான் டீச்சர் சம்சாரம்"னேன். பேசறதுக்குப் பேர்தான் மலையாளத்துல சம்சாரிக்கறதுன்னு எனக்கு எங்க தெரியும்! அவங்க சிரிச்சு முடிச்சப்பறம் என்னை உக்கார வச்சு அரை மணி நேரம் பேசினாங்க, மறுநாளே அத்தை காதுலயும் போட்டிருக்காங்க.

வெளியூர்க்காரங்களுக்கு மட்டும் ஒரு விஷயம். குடும்பஸ்ரீன்னு பொம்பளைங்களுக்காக ஒரு கவர்மெண்ட் திட்டம் 1998ல கேரளாவுல ஆரம்பிச்சாங்க இல்ல, அதோட அடிப்படையே அயல்கூட்டம்தான். அக்கம்பக்கத்துல 10ல இருந்து 20 பொம்பளைங்க வாரம் ஒருக்கா ஒரு வீட்ல கூடி சேமிப்பு போடுவாங்க, அதுல இருந்தே கடனும் எடுத்துக்குவாங்க. வீட்டுக்கு ஒருத்தர்தான் மெம்பர். எங்க வீட்ல அது அத்தை. அவங்க பாஸ்புக்கை என் கைல குடுத்து "நீ போ அம்மிணி, எனக்கு முட்டி வலி"ன்னாங்க. அந்த முட்டியோடதான் அடுத்த நாள் வாய்க்கா வெட்டப் போனாங்க. அத்தை, எனக்கு அன்னைக்கே புரிஞ்சிருச்சு, சொல்லத்தான் இல்ல.

மூணு வாரம் சுவத்தோரமா உக்காந்து முறுக்கு மட்டும் தின்னுட்டு வந்தேன். கூட்டத்துல பேசினதை எழுதற மினிட்ஸ் நோட்டு மலையாளத்துல, எனக்கு ஒரு எழுத்து தெரியாது. நாலாவது வாரம் செகரட்டரி சேச்சி கணக்கு நோட்டை என் மடில போட்டு "நம்பருக்கு எந்து பாஷை?"ன்னாங்க. அன்னைக்குத்தான் அந்த ரூம்ல எனக்கு ஒரு எடம் கிடைச்ச மாதிரி இருந்துச்சு.

மூலை வீட்டு அக்கா, உங்களுக்கு என்னன்னு எழுதறதுன்னே தெரியல. ஃப்ரெண்டுன்னா நம்ம வயசு, நம்ம படிப்பு, நம்ம டேஸ்ட்னு நினைச்சிட்டிருந்தேன், உங்களுக்கு 58, என்னை விட எங்கம்மாவோடதான் உங்களுக்கு வயசு ஒத்துப்போகும். ஒரு நாள் கதவத் தட்டி, பையனைத் தூக்கி இடுப்புல வச்சுட்டு "போயி தலைக்கு ஊத்திட்டு வா, செத்த நேரம் ஆனாலும் பரவால்ல"ன்னீங்க. ரெண்டு வருஷத்துல அன்னைக்குத்தான் நான் நிதானமா குளிச்சேன்.

2023ல "திரிகே ஸ்கூளில்"னு (திரும்பவும் ஸ்கூலுக்குன்னு அர்த்தம்) குடும்பஸ்ரீக்காரங்களை எல்லாம் லீவு நாள்ல பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டாங்களே, மணி அடிச்சதும் நம்ம கூட்டம் மொத்தமும் கடைசி பெஞ்சுக்கு ஓடினது ஞாபகம் இருக்கா? மூணாம் கிளாஸோட நின்ன அக்கா டிபன் பாக்ஸை மடில ஒளிச்சு வச்சு முதல் பீரியட்லயே தின்னதை நான் யார்கிட்டயும் சொல்லல, இப்பத்தான் சொல்றேன்.

எல்லாம் நல்லாவே போச்சுன்னும் சொல்லிட முடியாது. கடன் விஷயத்துல ரெண்டு பேர் ஆறு மாசம் மூஞ்சி பாக்கல, அவங்க சண்டைக்கு நடுவுல கணக்கு எழுதின எனக்குத்தான் தலைவலி. யாருன்னு எழுத மாட்டேன். இப்ப ரெண்டு பேரும் சேந்துதான் எனக்கு வளையல் வாங்கிட்டு வந்தாங்க.

கணக்கு நோட்டு மூலை வீட்டு அக்கா கிட்ட இருக்கு, போன வாரம் வரைக்கும் டோட்டல் போட்டுட்டேன். இந்த வாரத்து 20 ரூபா அத்தை கிட்ட குடுத்து விட்டிருக்கேன். நான் வர்ற வரைக்கும் என் எடத்துல அவங்கதான் உக்காருவாங்க, டீல சக்கரை போடாதீங்க, கேட்டாலும்.