பேச்சுப் பயிற்சி மூச்சிலிருந்து தொடங்க வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் நீண்டகாலம் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற பின்னரும் பேச்சுப் போட்டிகளுக்கு நடுவராக அழைக்கப்பட்டு வருபவள் என்ற முறையில், எம் பிள்ளைகளின் மேடைப் பேச்சுப் பயிற்சியில் அடிப்படையான ஒன்று விடுபட்டுப் போவதைத் தங்கள் பத்திரிகை வாயிலாகப் பெற்றோர், ஆசிரியர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

அண்மையில் ஒரு போட்டியில் சிறிய மாணவி ஒருத்தி, "எம் முன்னோர் எந்த இடரிலும் கல்வியைக் கைவிட்டதே இல்லை" என்று முழங்கவேண்டிய இடத்தில், தோள்களை உயர்த்தி இழுத்த மூச்சு "கைவிட்டதே" என்பதோடு தீர்ந்துவிட, "இல்லை" என்பதற்கு உதடுகளை மட்டும் அசைத்தாள். அச்சொல் சபையில் எவர் காதிலும் விழவில்லை. அவளுக்கு உச்சரிப்பில் புள்ளி குறைக்கப்பட்டது. அவளுடைய உச்சரிப்பில் குறை இருக்கவில்லை. அவளுக்கு மூச்சைப் பங்கிடக் கற்றுக்கொடுக்காத எங்கள் பயிற்சியிலேயே குறை இருந்தது.

சும்மா இருக்கும்போது வளர்ந்தவர் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை வரை, ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ 500 மில்லிலீற்றர் காற்றை உள்ளெடுத்து வெளிவிடுகிறார். நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் தசையான பிரிமென்றகடு சுருங்கிக் கீழிறங்க, விலா என்புகள் விரிய, சுவாசப்பைகளுள் காற்று புகுகிறது. அத்தசைகள் தளர்ந்ததும், இழுத்துவிட்ட இறப்பர்போலச் சுவாசப்பைகள் தாமாகவே சுருங்கிக் காற்றை வெளியேற்றுகின்றன. பேசத் தொடங்கியதும் இந்த ஒழுங்கு முற்றாக மாறிவிடுகிறது. உள்மூச்சு ஒரு செக்கனுக்கும் குறைந்த நேரத்தில் வாயால் சட்டென எடுக்கப்பட, வெளிமூச்சு பல செக்கன்களுக்கு நீள்கிறது, ஏனெனில் நாம் பேசுவது அநேகமாக முழுவதும் வெளிமூச்சிலேதான். அப்போது காற்றைத் தன்போக்கில் வெளியேற விட்டால் முதற்சொற்கள் வெடித்தெழுந்து கடைசிச் சொற்கள் கரைந்துபோகும். ஆகவே மூச்சை உள்ளிழுத்த அதே தசைகள் உடனே தளர்ந்துவிடாமல், நங்கூரக் கயிற்றைக் கைக்குள் இறுக்கிச் சிறிது சிறிதாக விடும் தோணிக்காரரைப்போல, சுவாசப்பைகள் சுருங்கும் வேகத்தைத் தடுத்து நிற்கின்றன. காற்று குறைந்த பின்னரே வயிற்றுத் தசைகள் உள்நோக்கி அழுத்தி எஞ்சியதைத் தள்ளுகின்றன. இவ்வாறு சீராக மேலெழும் காற்றே குரல்வளையிலுள்ள குரல் நாண்களை ஆண்களில் செக்கனுக்கு ஏறத்தாழ 100 தடவைக்கு மேலும், பெண்களில் 200 தடவையளவிலும், சிறுபிள்ளைகளில் அதனிலும் கூடுதலாகவும் அதிரச் செய்கிறது. எழுத்துகளின் பிறப்பைச் சொல்லப் புகுந்த தொல்காப்பியர் பல்லையும் நாவையும் கூறுமுன் உந்தியிலிருந்து எழும் காற்றையே முதலில் வைத்தார் என்பதை இந்த இடத்தில் நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு உண்டாகிறது.

தமிழ் பேசுபவருக்கு இது மேலும் முக்கியமானது. எமது மொழியில் வினைமுற்று வாக்கியத்தின் ஈற்றிலே நிற்கிறது. செய்தானா செய்யவில்லையா, வேண்டுமா வேண்டாமா என்பதும் அங்கேதான் தீர்மானமாகிறது. மூச்சு மிகக் குறைந்திருக்கும் அந்த இடத்திலேயே பொருளின் பெரும்பாரம் இறங்குகிறது. கோணேசர் ஆலயத்தில் திருஞானசம்பந்தரின் கோணமலைப் பதிகத்தைப் பாடும் பிள்ளைகள், பாட்டின் இறுதியில் வரும் "அமர்ந்தாரே" என்ற சொல்லை முழுக்குரலில் நிறைவு செய்வதை நாம் கேட்கிறோம். எங்கே மூச்செடுக்க வேண்டும் என்பதைப் பண்ணிசை ஆசிரியர் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அதே பிள்ளைகள் பேச்சுமேடையில் ஏறியதும், "சத்தமாகச் சொல், இன்னும் சத்தமாகச் சொல்" என்ற ஒரே அறிவுரையுடன் விடப்படுகிறார்கள்.

சத்தத்தைக் கூட்டச் சொல்லும்போது, நெஞ்சில் காற்றில்லாத பிள்ளை தொண்டையை இறுக்கியே அதைச் செய்கிறது. குரல் நாண்கள் ஒன்றோடொன்று பலமாக மோதுகின்றன; நாளடைவில் அவற்றில் தடிப்புகள் தோன்றிக் குரல் கரகரத்துப் போன பிள்ளைகளும் உண்டு. உண்மையில் சாதாரண உரையாடலுக்குத் தேவைப்படும் காற்றழுத்தம் மிகச் சிறிது; 5 முதல் 10 சென்ரிமீற்றர் வரை உயரமான நீர்நிரலைத் தாங்கும் அளவே போதுமானது. இதை வீட்டிலேயே பார்க்கலாம். குவளை நீரில் உறிஞ்சுகுழாயின் நுனியை 5 சென்ரிமீற்றர் ஆழத்தில் வைத்து, 5 செக்கன்களுக்குக் குமிழிகள் அறாமல் ஊதமுடிந்தால், பேச்சுக்கு வேண்டிய மூச்சுவலு அந்தப் பிள்ளையிடம் இருக்கிறது. அதை நீட்டிப் பங்கிடப் பழக்குவதே எஞ்சிய வேலை. வயிற்றில் கையை வைத்து, தோள் உயராமல் வயிறு முன்னே வரும்படி மூச்செடுக்கப் பழக்குவதற்கு நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும்.

பேச்சை எழுதிக்கொடுக்கும் பெரியவர்களிடமும் ஒரு வேண்டுகோள். பத்து வயதுப் பிள்ளை முழுமையாக உள்ளிழுத்து முழுமையாக வெளிவிடக்கூடிய காற்று ஏறத்தாழ 2 லீற்றர். வளர்ந்தவருக்கோ அது 3 முதல் 5 லீற்றர் வரை இருக்கும். எமது மூச்சின் அளவுக்கு வாக்கியங்களை எழுதி அவர்கள் வாயில் வைப்பது நியாயமன்று. பொருள் முடியும் இடங்களில் கோடிட்டு, அங்கே மட்டும் மூச்செடுக்கச் சொல்லுங்கள். தொய்வு (ஆஸ்துமா) உள்ள பிள்ளைகளுக்கு மூச்சை வெளிவிடுவதே சிரமம் என்பதால், அவர்கள் இடையிடையே நிறுத்துவதற்காகப் புள்ளியைக் குறைக்கலாகாது.

அடுத்த தமிழ்மொழித்தினப் போட்டிகளுக்கான பயிற்சிகள் தொடங்குமுன், எல்லாப் பிரிவினருக்கும் ஒலிவாங்கி வழங்கவும், உரத்த குரலுக்குத் தனியாகப் புள்ளியிடும் வழக்கத்தைக் கைவிடவும் பொறுப்பானவர்கள் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
உவர்மலை, திருகோணமலை.