மூன்றரைக் கிலோ குறைந்த வசந்திக்கு

பாளையங்கோட்டை
கார்த்திகை, ஞாயிறு மாலை

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. போனில் பேசினால் பாதியில் யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தாய். நல்லதாகப் போயிற்று. எனக்கும் போனில் சொல்லி முடிக்க முடியாத அளவுக்குப் பதில் இருக்கிறது.

முதலில் வீட்டுச் செய்தி. ஐப்பசியில் பிடித்த மழை இன்னும் விட்டபாடில்லை. தாமிரபரணியில் தண்ணீர் நிறையப் போகிறது, துணிதான் காயமாட்டேன் என்கிறது. மகள் பேறுகாலத்துக்கு வந்திருக்கிறாள், மாசியில் நாள் சொல்லியிருக்கிறார்கள். மாமியாருக்கு முட்டுவலி கூடியிருக்கிறது. மாடிப்படி ஏற வேண்டாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் வற்றல் காயப்போட ஏறிவிடுகிறார்கள். கல்லூரியில் எனக்கு இது கடைசி வருஷம். இத்தனை காலம் மனையியல் பாடத்தில் சத்துணவைப் பற்றிப் பேசிப் பேசியே நாள் போய்விட்டது. அடுத்த வருஷம் யாரிடம் பேசுவேன் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் உன் கடிதம் வந்தது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன்.

ஆகஸ்டில் 78 கிலோவில் ஆரம்பித்தாய். இப்போது 74.5. முதல் பத்து நாளிலேயே இரண்டு கிலோ குறைந்தது, அப்புறம் மெதுவாகிவிட்டது, இந்த மூன்று வாரமாக ஒன்றுமே நகரவில்லை என்று எழுதியிருக்கிறாய். "இவ்வளவு பாடுபட்டு இதுதானா?" என்ற அந்த ஒரு வரியைப் படித்தபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அதற்கு அடுத்த பக்கத்தில், 30 நாளில் 10 கிலோ குறைத்துத் தருகிறோம் என்கிற அந்தப் பவுடர் பேக்கேஜுக்குப் பணம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறாய். கட்டாதே. ஏன் என்பதைக் கணக்காகவே சொல்கிறேன். வங்கியில் இருப்பவளுக்குக் கணக்கில் சொன்னால்தான் சமாதானமாகும்.

உடம்பில் சேர்ந்திருக்கும் கொழுப்பில் ஒரு கிலோ கரைய வேண்டுமென்றால் ஏறக்குறைய 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். பத்துக் கிலோவுக்கு 77,000. முப்பது நாளில் வகுத்துப் பார். தினமும் 2,500 கலோரிக்கு மேல் பற்றாக்குறை விழ வேண்டும். உன் வயதில், உன் உயரத்தில், நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற ஒரு பெண்ணின் உடம்பு நாள் முழுக்கச் செலவழிப்பதே இரண்டாயிரத்தை ஒட்டித்தான் இருக்கும். அதாவது முப்பது நாளும் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துப் படுத்திருந்தாலும் பத்துக் கிலோ கொழுப்பு கரையாது. அவர்கள் சொல்வது நடக்கவே முடியாத காரியம்.

அப்படியானால் சேர்ந்தவர்களுக்கு எடை குறைகிறதே, அது என்ன? பெரும்பகுதி தண்ணீர், கொஞ்சம் கொழுப்பு, கொஞ்சம் தசை. நாம் சாப்பிடும் சோறு, இட்லியிலிருந்து வரும் மாவுச்சத்தில் ஒரு பங்கை உடம்பு ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்கிறது. மொத்தத்தில் அரைக் கிலோ அளவுக்கு இருக்கும். ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் தண்ணீரையும் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தால் முதலில் காலியாவது இந்த இருப்புதான், அதோடு தண்ணீரும் போகிறது. உனக்கு முதல் பத்து நாளில் குறைந்த இரண்டு கிலோவில் பாதிக்கு மேல் இந்தக் கணக்குத்தான். அதனால் அந்த வேகத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு மீதி மாதங்களை எடைபோடாதே. உண்மையான வேகம் அதற்கு அப்புறம்தான் ஆரம்பித்தது.

தசை போவதுதான் எனக்கு அதிகக் கவலை. ஐம்பதைத் தாண்டிய நமக்கு அது தானாகவே குறைந்துகொண்டு வருகிறது. பட்டினி கிடந்து அதையும் இழந்தால் பின்னால் மாமியாரைப் போல மாடிப்படிக்கு அஞ்ச வேண்டியதுதான். இன்னொன்று, எடை மிக வேகமாகக் குறையும்போது பித்தப்பையில் கல் சேரும் வாய்ப்பும் கூடுகிறது. என்னோடு வேலை பார்த்த ஒருத்தி இப்படித்தான் ஒரு திட்டத்தில் சேர்ந்து, சீக்கிரமாக மெலிந்து, அதே வருஷம் பித்தப்பை அறுவை சிகிச்சைக்குப் போய்ப் படுத்தாள். அதுதான் காரணமென்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அவளைப் பார்க்கப் போன அன்றிலிருந்து இந்த மாதிரி விளம்பரங்களைக் கண்டாலே எனக்குக் கோபம் வருகிறது.

இப்போது நீ கேட்ட முக்கியமான கேள்வி: அதே சாப்பாடு, அதே நடை, ஏன் நின்றுபோனது?

உடம்பு இளைக்க இளைக்க அதன் செலவும் குறைகிறது. 74 கிலோவைச் சுமந்து நீ நடக்கிற ரேஸ்கோர்ஸை ஒரு சுற்று வருவதற்கு 78 கிலோவைச் சுமந்து வருமளவுக்குச் சக்தி வேண்டாம். அதற்கு மேலும், வருமானம் குறைந்த வீட்டில் கைக்காவலாகச் செலவைச் சுருக்குவது போல, உடம்பு தானே கொஞ்சம் சிக்கனமாகிவிடுகிறது. பசியும் கூடுகிறது. 1958-இல் மாக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற மருத்துவர், ஒரு பவுண்டு எடைக்கு 3,500 கலோரி என்று ஒரு வாய்ப்பாடு சொன்னார். அது ஐம்பது வருஷம் பாடப்புத்தகங்களில் ஓடியது, நானும் வகுப்பில் அதைத்தான் எழுதிப் போட்டேன். அதன்படி தினமும் 100 கலோரி குறைத்தால் வருஷத்துக்கு நாலே முக்கால் கிலோ குறைய வேண்டும், அடுத்த வருஷமும் அதே அளவு, அதற்கடுத்த வருஷமும் அதே அளவு. மனித உடம்பு அப்படி நேர்கோட்டில் போவதில்லை. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் இருந்த கெவின் ஹாலும் மற்றவர்களும் 2011-இல் லான்செட் மருத்துவ இதழில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: தினமும் 100 கலோரியை நிரந்தரமாகக் குறைத்தால் கடைசியில் மொத்தமாகக் குறைவது நாலு கிலோ சொச்சம். அதில் பாதி குறைய ஒரு வருஷம் ஆகும், கிட்டத்தட்ட முழுவதும் குறைய மூன்று வருஷம் ஆகும்.

முதலில் படிக்கும்போது சோர்வாகத்தான் இருக்கும். எனக்கோ இதில் பெரிய ஆறுதல் தெரிகிறது. நீ மூன்று வேளைக் காப்பியில் இரண்டிரண்டு ஸ்பூன் சர்க்கரையை விட்டாயே, அது 100 கலோரிக்குச் சற்றுக் கூடவே வரும். அந்த ஒரு மாற்றம்கூட இன்னும் முழுதாக வேலை செய்து முடிக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்தும் அது உனக்காக வேலை செய்துகொண்டிருக்கும், நீ மறுபடி சர்க்கரை போட ஆரம்பிக்காமல் இருந்தால். மூன்று வாரம் எடை நகரவில்லை என்பதற்காக அதை "பலனில்லை" என்று தள்ளிவிட முடியுமா?

மூன்று வாரம் என்பதையும் நான் அப்படியே நம்பவில்லை. அந்த வாரங்களில் என்னென்ன இருந்தது? தீபாவளி. முறுக்கு, சேவு, மிக்சர், உப்பு. இரவில் உப்பாகச் சாப்பிட்டால் மறுநாள் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மலச்சிக்கல் இருந்தாலும் எடை கூடிக் காட்டும். புதிதாகப் படியேறுகிறேன், தொடையெல்லாம் வலிக்கிறது என்றாயே, வலிக்கிற தசையும் சில நாள் நீர் கோத்து நிற்கும். ஒரு நாளுக்குள்ளேயே ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ ஏறி இறங்குவது சாதாரணம். அதனடியில் அரைக் கிலோ கொழுப்பு கரைந்திருந்தாலும் உனக்குத் தெரியாது. காலையிலும் இரவிலும் எடை பார்ப்பதை விட்டுவிடு, தாயே. வாரத்தில் ஒரு நாள், காலையில் எழுந்து கழிப்பறை போய்வந்து, காப்பிக்கு முன்னால், அதே உடையில் பார். எழுதி வை. நாலு வாரத்தின் சராசரியை அடுத்த நாலு வாரத்தின் சராசரியோடு ஒப்பிடு. அதற்குக் குறைவான காலத்தில் வரும் எந்த எண்ணுக்காகவும் சந்தோஷப்படவும் வேண்டாம், அழவும் வேண்டாம்.

உன் கடிதத்தின் ஓரத்தில் சின்னதாக ஒன்று எழுதியிருந்தாய், ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று இருக்கிறது, உள்தையல் பிடிக்கக் கொடுத்திருக்கிறேன் என்று. எனக்கு மொத்தக் கடிதத்திலும் அதுதான் பெரிய செய்தி. அதைப் போய் ஓரத்தில் எழுதினாயே! ஒரு இஞ்சு டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றி அளந்து பார். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது என்கிறார்கள். உடனே அந்த அளவுக்கு வர வேண்டுமென்று சொல்லவில்லை. மாதம் ஒரு தடவை அளந்து, எடைக்குப் பக்கத்திலேயே எழுது.

நீ எதற்காக இதை ஆரம்பித்தாய் என்பதை நினைத்துப் பார். அழகுக்காகவோ கல்யாணப் புகைப்படத்துக்காகவோ இல்லை. மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 6.1 சதவீதம் என்று வந்தது. 5.7-லிருந்து 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. உன் அம்மா கால்விரல் புண்ணோடு பட்ட பாட்டை நாம் இரண்டு பேரும் பக்கத்தில் இருந்து பார்த்தோம். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னாய் என்பது எனக்கு நினைவிருக்கிறது.

அதனால் உனக்கு ஒரு ஆய்வைச் சொல்லியே ஆக வேண்டும். நம் சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரனும் அவரது குழுவும் நடத்தியது, 2006-இல் முடிவு வெளிவந்தது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இன்னொரு பிரிவுக்குச் சாப்பாட்டையும் நடையையும் மாற்றச் சொல்லி, விடாமல் பின்தொடர்ந்து கவனித்தார்கள். மூன்று வருஷத்தில் முதல் பிரிவில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டது. இரண்டாவது பிரிவில் 39 சதவீதம். கேள், இனிமேல்தான் விஷயமே இருக்கிறது: அந்த இரண்டாவது பிரிவில் எடை சொல்லிக்கொள்ளும்படி குறையவே இல்லை. எடை அப்படியே நின்றது, நோய் தள்ளிப்போனது. நடந்த நடையும் மாற்றிய சாப்பாடும் தராசில் தெரியாமலே உள்ளே வேலை செய்திருக்கின்றன. அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில்கூட எடையில் 7 சதவீதம் குறைப்பதைத்தான் இலக்காக வைத்தார்கள். உனக்கு அது ஐந்தரைக் கிலோ. அதில் மூன்றரையை நீ ஏற்கெனவே தாண்டிவிட்டாய்.

மெதுவாகக் குறைத்தால்தான் நிலைக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் ஒரு காலத்தில் அப்படியே நம்பினேன். ஆஸ்திரேலியாவில் மெல்போர்னில் 2014-இல் வந்த ஓர் ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. மருத்துவர்கள் கண்காணிப்பில் சிலரை 12 வாரத்திலும் சிலரை 36 வாரத்திலும் எடை குறைக்க வைத்தார்கள். ஏறக்குறைய மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு கூட்டமும் குறைத்ததில் 70 சதவீதத்தைத் திரும்பப் போட்டிருந்தது. ஆக, மெதுவாகப் போவதால் மட்டும் எடை நிலைத்துவிடாது. குறைத்த பிறகு என்ன சாப்பிடுகிறோம், எப்படி நடமாடுகிறோம் என்பதுதான் எல்லாம். அதனால்தான் உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இப்போது செய்கிற ஒவ்வொன்றையும் எடுத்து, "அறுபது வயதிலும் இதைச் செய்வேனா?" என்று யோசித்துப் பார். காப்பியில் சர்க்கரை இல்லை, செய்வாய். காலை நடை, செய்வாய். மதியம் சோற்றைக் குறைத்துப் பொரியலையும் சுண்டலையும் கூட்டியிருக்கிறாய், அதுவும் நடக்கும். இரவில் வெறும் வெள்ளரிக்காயைக் கடித்துவிட்டுப் படுக்கிறேன் என்கிறாயே, அது நடக்காது. அதை இன்றைக்கே நிறுத்து. இரண்டு இட்லி சாம்பாரோடு சாப்பிடு, ஒரு கிண்ணம் பாசிப்பயறு சாப்பிடு. பசியோடு படுத்தால் தூக்கமும் கெட்டு, மறுநாள் நாலு மணிக்குக் கை வடையைத் தேடும்.

எடை குறைக்கும் ஊசியைப் பற்றியும் கேட்டிருந்தாய். தேவைப்படுகிறவர்களுக்கு அது நல்ல மருந்துதான், உனக்கு வேண்டுமா என்பதை உன் டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த ஊசி மருந்துகளில் ஒன்றான செமக்ளூடைட் ஆய்விலேயே சராசரியாக 15 சதவீதம் எடை குறைய 68 வாரம் ஆயிற்று. நிறுத்தி ஒரு வருஷத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. அவ்வளவு வலுவான மருந்துக்கே ஒரு வருஷத்துக்கு மேல் பிடிக்கும்போது, நீ மூன்றரை மாதத்தில் உன்னையே திட்டிக்கொள்வது எனக்குப் பொறுக்கவில்லை.

தை மாதம் உன் அண்ணன் மகன் கல்யாணத்துக்கு வருகிறாய் அல்லவா? மறுநாள் சொதிச் சாப்பாடு இருக்கும். தேங்காய்ப்பாலும் இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு வறுவலும் வைத்து, உன் மதினி பரிமாறும்போது வேண்டாம் என்று கையை மறிக்காதே. நிதானமாக, ரசித்து, வயிறு போதும் என்கிற வரை சாப்பிடு. ஊருக்குத் திரும்பியதும் ஒரு வாரம் அந்த எடைக் கருவிப் பக்கமே போகாதே. அடுத்த நாள் காலையில் வழக்கம்போல நடக்கக் கிளம்பிவிடு, அது போதும்.

வரும்போது இரண்டு நாள் கூட இருக்கிற மாதிரி லீவு போட்டு வா. காலையில் வ.உ.சி. மைதானத்தில் சேர்ந்து நடப்போம், பேசவும் நேரம் கிடைக்கும். உன் வீட்டுக்காரரை விசாரித்ததாகச் சொல். அவரும் உன்னோடு நடக்க வருகிறாரா இல்லையா என்று நீ எழுதவே இல்லை. சர்க்கரைப் பரிசோதனைக்கு அடுத்த மாதம்தானே நாள்? முடிவு வந்ததும் அன்றைக்கே போனில் படம் எடுத்து அனுப்பு, எவ்வளவு வந்தாலும் சரி.

உன்
சாரதா