பறக்காமல் நிற்கும் விமானத்தின் எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட விட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிறுவிமானம் சொந்தமாக வைத்திருப்பவர்களுக்கும் பறக்கும் கழக நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

நான் பிஸ்டன் எஞ்சின்களைக் கழற்றி மாட்டுகிற ஆள். ரொம்ப நாள் கிடந்த எஞ்சினைத் திறக்கும்போதெல்லாம் உங்களிடம் சொல்ல நினைத்ததை இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

சமீபத்தில் ஓர் எஞ்சின் வந்தது. இரண்டு வருடமாகப் பறக்கவில்லை, ஆனால் நன்றாகப் பார்த்துக்கொண்டோம் என்றார் அதன் சொந்தக்காரர். வாராவாரம் ப்ரொப்பல்லரைக் கையால் சுற்றி வைப்பாராம், மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஓட விடுவாராம். சிலிண்டரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையமான பிஸ்டன் ரிங் நின்ற இடத்தில் சுவரைச் சுற்றிப் பழுப்பாக ஒரு கோடு. வால்வைத் திறக்க கேம் தள்ளுகிற சிறு பாகமான டேப்பட்டின் முகத்தில் ஊசியால் குத்தியதுபோல் பொடிப்பொடிக் குழிகள், விரல் நகத்தை ஓட்டினால் தட்டுப்படுகிறது. அவர் அக்கறையில்லாதவர் இல்லை. அக்கறையோடு செய்ததுதான் கெடுத்திருக்கிறது, எனக்கு வருத்தமே அதுதான்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி ஆவியாக எக்ஸாஸ்ட் வழியே போய்விடும், ஆனால் கொஞ்சம் ரிங்குகளைத் தாண்டி, எஞ்சினின் அடிக்கூடான க்ராங்க்கேஸுக்குள் இறங்கும். தரையில் பத்து நிமிடம் ஓடும் எஞ்சினில் ஆயில் அந்த ஈரத்தை விரட்டும் அளவுக்குச் சூடாவதே இல்லை, அதனால் ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் உள்ளே தண்ணீர் சேர்த்துவிட்டு நிறுத்துகிறீர்கள், அது ஆயிலோடு கலந்து அமிலமாகி உலோகத்தைத் தின்கிறது. எஞ்சின் தயாரிக்கும் லைகமிங் நிறுவனம் கேட்பது 30 நாளுக்குள் ஒருமுறை, ஆயில் 74 முதல் 93 டிகிரி செல்சியஸில் இருக்க, தொடர்ந்து ஒரு மணி நேரப் பறப்பு. டாக்ஸி (தரையில் உருண்டு போவது), டேக்ஆஃப், லேண்டிங் நேரம் அதில் சேராது.

அப்புறம் அந்தக் கையால் சுற்றும் பழக்கம். சிலிண்டர் சுவரில் மிச்சமிருக்கும் மெல்லிய ஆயில் படலத்தையும் ரிங் வழித்துவிடும், அவ்வளவுதான் அதன் பலன். லைகமிங் எஞ்சின்களில் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட், ப்ரொப்பல்லரைச் சுற்றும் க்ராங்க்ஷாஃப்டுக்கு மேலே இருக்கிறது, நின்றதும் ஆயில் அங்கிருந்து வடிந்துவிடும், கையால் சுற்றினாலும் அங்கே புது ஆயில் போய்ச் சேராது. கேம்ஷாஃப்டில் துருப்பிடித்த கேம் முதலில் ஒன்றும் காட்டாது. பறக்க ஆரம்பித்துச் சில மணி நேரம் கழித்து ஆயில் ஃபில்டரில் இரும்புத் தூளாகத் தலைகாட்டும், அப்போது எஞ்சினையே பிரிக்க வேண்டியதுதான்.

சரி, நீண்ட நாள் பறக்கப் போவதில்லை என்றால் என்ன செய்வது? பழைய ஆயிலை வடித்துவிட்டு, இதற்கென்றே வரும் பாதுகாப்பு ஆயிலை ஊற்றி, முடிந்தால் ஒரு முறை பறந்து நன்றாகச் சூடாக்குங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போதே மேல் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சூடாக்கிய அதே ஆயிலைத் தெளிக்க வேண்டும், சுமார் 60 மில்லி. கடைசித் தெளிப்புக்குப் பிறகு ப்ரொப்பல்லரை யாரும் தொடக்கூடாது. பிளக் இருந்த இடத்தில் சிலிக்கா ஜெல் அடைத்த டீஹைட்ரேட்டர் பிளக்கை மாட்டி, காற்று நுழையும் வழி, எக்ஸாஸ்ட், க்ராங்க்கேஸின் காற்றுக்குழாயான ப்ரீதர் எல்லாவற்றையும் ஈரம் புகாமல் மூடுங்கள். மூடியதில் ஒவ்வொன்றிலும் சிவப்பு ரிப்பன் தொங்கட்டும், பின்னால் எடுப்பவருக்கு ஒன்றும் விட்டுப்போகக் கூடாது. துல்லியமான அளவும் வரிசையும் உங்கள் எஞ்சினின் கையேட்டில் இருக்கும், அதையே பின்பற்றுங்கள்.

நீல சிலிக்கா ஜெல் ஈரம் ஏறியதும் இளஞ்சிவப்பாகிவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை யாராவது போய்ப் பார்க்க வேண்டும், நிறம் மாறியதை மாற்ற வேண்டும். இந்த ஒரு வேலையைத்தான் கழகங்களில் எல்லோரும் மறக்கிறார்கள், ஏனென்றால் அது யாருடைய வேலை என்றே எழுதி வைப்பதில்லை.

திரும்ப ஓட்டும் நாளிலும் அவசரப்படாதீர்கள். கீழ் பிளக்குகளைக் கழற்றி, தேங்கிய ஆயிலை முழுக்க வடிய விட்டு, மெதுவாகச் சுற்றிப் பார்த்த பிறகுதான் ஸ்டார்ட்டர். சிலிண்டருக்குள் திரவம் தேங்கியிருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது, பிஸ்டனை க்ராங்க்ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

நிர்வாகிகளிடம் ஒன்று கேட்கிறேன்: விமானத்தை நிறுத்தி வைக்க முடிவெடுக்கும் அதே கூட்டத்தில் மெக்கானிக்கையும் உட்கார வையுங்கள். என்று மூடினோம், என்ன ஊற்றினோம், ஜெல்லை யார் பார்ப்பது என்று லாக்புக்கில் எழுதுங்கள். ‘சுற்றாதே’ என்று ஓர் அட்டை ப்ரொப்பல்லரில் தொங்கட்டும்.