விமானம் வீட்டுக்கு வரலாம், பேட்டரி வரக்கூடாது

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் பிள்ளைகளிடம் கொடுக்கப்பட்டுவிட்டன. பத்தாம் வகுப்பில் கணக்கு தேறியிருக்கிறது. ஆங்கிலத்துக்கு இன்னும் உழைக்க வேண்டும். மாணவிகள் கபடியிலும் கோ-கோவிலும் நன்றாக ஆடினார்கள். நூலகத்துக்குப் புதிய அலமாரி வந்திருக்கிறது. பொங்கல் விழா வெள்ளிக்கிழமை காலை நடைபெறும். அன்று சீருடை வேண்டாம். அனைவருக்கும் பாராட்டுகள்.

இனி, ரிமோட்டில் இயங்கும் மாதிரி விமானங்களைப் பிள்ளைகளே செய்து பறக்கவிடும் நம் விமானக் குழுவைப் பற்றி.

ஜூன் மாதம் இதைத் தொடங்கியபோது, காசுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமான விளையாட்டாக இது ஆகிவிடக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தோம். தெர்மோகோல் விமானம் ஒரு தடவை மூக்குக் குத்தினால் உடைந்துபோகும். அதனால்தான் சன்பேக் ஷீட்டைத் தேர்ந்தெடுத்தோம். கடை விளம்பரப் பலகைக்குப் போடுவார்களே, இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே வரிவரியாகக் குழல் ஓடும், அதேதான். தெர்மோகோலைவிடக் கனம் அதிகம், அதனால் கொஞ்சம் வேகமாகத்தான் பறக்கும். ஆனால் எத்தனை முறை விழுந்தாலும் எழுந்து நிற்கும். ஃபெவிக்கால் இதில் ஒட்டாது. மடித்து, துளையிட்டு, கேபிள் டை போட்டு இறுக்க வேண்டும். குழல்கள் இறக்கையின் நீளவாக்கில் ஓடும்படி வெட்ட வேண்டும். மாற்றி வெட்டினால் இறக்கை நடுவில் மடங்கிவிடும். உள்ளே முதுகெலும்பாக ஒரு மீட்டர் மர ஸ்கேல் போதும்.

வால் துடுப்புக்குக் கீல் எதுவும் வாங்கவில்லை. மேல் தகட்டை மட்டும் கத்தியால் கீறி, கீழ்த் தகட்டை விட்டுவிட்டால் அதுவே கீலாகிவிடும். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதைக் கீறுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மூன்று தடவை கத்தி அடிவரை இறங்கித் துண்டு தனியே வந்துவிட்டது. நான்காவது தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு கீறினாள். துடுப்பு மேலும் கீழும் ஆடியதும் அவள் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்புக்காகவே இந்தக் குழு தொடர்ந்து நடக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மோட்டாரும் ரிமோட்டும் விலை கூடியவை. நான்கு செட்டுகள்தான் வாங்க முடிந்தது. ஒரு விமானத்திலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டி, 20 பிள்ளைகளும் முறைவைத்துப் பறக்கவிடுகிறார்கள்.

இப்போது நான் எழுத வந்த செய்தி. சென்ற திங்கட்கிழமை முதல் பாடவேளையில் ஒரு மாணவனின் பையிலிருந்து ஒருவித இனிப்பு வாடை வருவதாகப் பக்கத்தில் இருந்த பிள்ளை ஆசிரியரிடம் சொன்னது. பையைத் திறந்தால், சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் விமானத்தின் லித்தியம் பாலிமர் பேட்டரி பூரிபோல உப்பிக் கிடந்தது. ஆசிரியர் பதறாமல் அதை எடுத்துப்போய், மைதானத்தில் மணல் வாளிக்குள் வைத்துவிட்டார். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பேட்டரி அன்று காலை, குழந்தைகள் நிறைந்த பள்ளி வேனில்தான் வந்திருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் தூக்கம் வரவில்லை.

விசாரித்ததில் நடந்தது தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை வறண்ட கண்மாயில் பறக்கவிட்டிருக்கிறார்கள். விமானம் மூக்குக் குத்தி விழுந்தது. எடுத்துப் பார்த்தால் மூக்கில் ஒரு மடிப்பு, அவ்வளவுதான்; டேப் ஒட்டி மறுபடியும் பறக்கவிட்டார்கள். அந்த மூக்குக்குள்தான் பேட்டரி இருக்கிறது. விமானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால் பேட்டரியை யாரும் பார்க்கவில்லை. அடிபட்ட பேட்டரியை அன்றிரவு, இருசக்கர வாகன பேட்டரிக்கான சார்ஜரில் மாட்டிவிட்டு எல்லோரும் தூங்கப் போயிருக்கிறார்கள்.

இதைப் பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நம் பேட்டரியில் மூன்று செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 4.2 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. மூன்றும் சேர்ந்தால் 12.6 வோல்ட். வண்டி பேட்டரியின் சார்ஜர் 14 வோல்ட் வரை ஏற்றும். செல்களைத் தனித்தனியே சமன் பார்க்கும் சார்ஜரில்தான், அதுவும் பெரியவர் ஒருவர் உடனிருக்கும்போது மட்டுமே இதைச் சார்ஜ் செய்ய வேண்டும். நசுங்கினாலோ, குத்துப்பட்டாலோ, அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறினாலோ தீப்பிடிக்கலாம். அடிபட்ட உடனேதான் பிடிக்கும் என்றில்லை, நேரம் கழித்தும் பிடிக்கலாம்.

வீட்டிலும் பயிற்சி வேண்டும் என்று உங்களில் சிலர் கேட்டபோது, நவம்பரில் பேட்டரியைக் கொடுத்தனுப்ப அனுமதித்தது நான்தான். அது தவறு. அந்த மாணவனையோ அவன் வீட்டாரையோ யாரும் குறைசொல்ல வேண்டாம்.

இன்று முதல் பேட்டரி பள்ளி வளாகத்தை விட்டு வெளியே போகாது. ஆய்வகத்தில் இரும்புப் பெட்டியில் பூட்டிவைக்கப்படும். வெளியில் சொந்தமாக வாங்கிய பேட்டரியையும் பையில் வைத்து அனுப்பக்கூடாது. மீறினால் அந்த மாணவர் இந்தக் கல்வியாண்டு முழுவதும் விமானக் குழுவில் இருக்க முடியாது. இதில் யார் வந்து பேசினாலும், எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், என் பதில் மாறாது.

வீட்டில் சொந்தமாக விமானம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. மதுரை விமான நிலையத்தை ஒட்டிய அவனியாபுரம், வில்லாபுரம், பெருங்குடிப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகள் வீட்டு மாடியிலிருந்து பறக்கவிடவே கூடாது. 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி, விமான நிலைய எல்லையிலிருந்து 8 கி.மீ.க்குள் முன் அனுமதி வேண்டும். 8 முதல் 12 கி.மீ. வரை அனுமதி இல்லாமல் 200 அடிக்கு மேல் பறக்கவிடக்கூடாது. பொங்கலுக்குப் பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் வாடிவாசலுக்கு மேலே பறக்கவிடலாமா என்று இரண்டு மாணவர்கள் ஆசையோடு கேட்டார்கள். கூட்டத்தின் தலைக்கு மேலே சுழலும் புரொப்பல்லரைக் கொண்டுபோகவே கூடாது என்று சொல்லியிருக்கிறேன். நீங்களும் ஒருமுறை சொல்லுங்கள்.

பிள்ளைகள் மனம் வாடிவிடக்கூடாது என்பதால் விடுமுறைக்கு விமானங்களின் உடலை மட்டும் கொடுத்தனுப்புகிறோம். பேட்டரி இருக்கும் இடத்தில் ஏறக்குறைய 180 கிராம் மணலைத் துணியில் முடிந்து வையுங்கள். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் கால் பங்கு தள்ளி, இருபுறமும் விரல் நுனியால் தாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மூக்கு இம்மியளவு தாழ்ந்து நின்றால் சரி. வால் தொங்கினால் மணலை முன்னே தள்ள வேண்டும். பிறகு திறந்த வெளியில் கையால் எறிந்து மிதக்கவிடலாம். விழட்டும், பரவாயில்லை. விழுந்ததற்காக மட்டும் திட்டாதீர்கள்; விழத்தான் இந்த ஷீட்டை வாங்கினோம்.

பழைய விளம்பரப் பலகைகளைச் சேர்த்துவைத்துத் தந்த அச்சகத்துக்காரத் தந்தைக்கும், சனிக்கிழமைகளில் வந்து சால்டரிங் கற்றுத்தரும் எலக்ட்ரீசியன் தந்தைக்கும், பயிற்சி நாட்களில் எல்லோருக்கும் சுண்டல் கொடுத்தனுப்பும் தாய்மார்களுக்கும் என் மனமார்ந்த நன்றி. வாடையை உணர்ந்து சொன்ன அந்தப் பிள்ளையின் பெற்றோரை நேரில் சந்தித்து நன்றி சொன்னேன்; இங்கேயும் சொல்கிறேன்.

வீட்டில் இப்போது நம் பேட்டரி இருந்தால், சார்ஜ் செய்யாமல், பையில் வைக்காமல், பெரியவர் ஒருவர் கையில் கொண்டுவந்து வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் என்னிடமே கொடுங்கள். உப்பியிருந்தால் எடுத்துவர வேண்டாம். வீட்டுக்கு வெளியே மணலில் வைத்துவிட்டுத் தொலைபேசியில் சொல்லுங்கள், ஆசிரியரே வந்து பெற்றுக்கொள்வார்.

அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்