புகழ்க் கூடம் திறக்காத கதவும் ஃபெர்னாண்டோ வாலென்சுவேலாவும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் அமெரிக்க பேஸ்பால் புகழ்க் கூடத்துக்காக 2025 டிசம்பரில் நடந்த குழுத் தேர்வில் ஜெஃப் கென்ட் ஒருவர் மட்டுமே தேர்ந்தெடுக்கப்பட்டார் என்ற செய்தியைத் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் படித்தேன். தேர்வு பெறாதவர்களின் பட்டியலில், பெயரோடு பெயராக, லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் முன்னாள் பிட்சர் (பந்தை எறிபவர்) ஃபெர்னாண்டோ வாலென்சுவேலாவும் இருந்தார். 16 பேர் கொண்ட அந்தக் குழுவில் 12 பேரின் ஆதரவு தேவைப்பட, அவருக்கு 5 வாக்குகள்கூடக் கிடைக்கவில்லை. லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்து, பள்ளிப் பருவம் தொட்டு இன்றுவரை டாட்ஜர்ஸ் அணியின் ஆட்டங்களைப் பின்தொடர்ந்து வருபவன் என்ற முறையில், அந்தத் தீர்ப்பு ஏன் சரியில்லை என்பதைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

வாலென்சுவேலா 1960 நவம்பர் 1 அன்று, மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில் எட்சோவாகீலா என்ற சிற்றூரில், ஓர் ஏழை உழவர் குடும்பத்தின் பன்னிரண்டு பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார். டாட்ஜர்ஸ் அணிக்காகத் திறமையாளர்களைத் தேடி அலைந்த மைக் பிரிட்டோ அவரைக் கண்டெடுக்க, 1979இல் அணி அவரை ஒப்பந்தம் செய்தது. அவருடைய வேகப்பந்து மட்டும் மேல்மட்ட ஆட்டத்துக்குப் போதாது என்று கருதிய அணியினர், சக வீரரான பாபி காஸ்டியோவிடம் ஸ்குரூபால் என்ற பந்தைக் கற்றுக்கொள்ள வைத்தார்கள். பந்தை விடும்போது மணிக்கட்டை வளைபந்துக்குச் சுழற்றுவதற்கு நேர்மாறான பக்கம் முறுக்கி எறிவது அது. கிரிக்கெட்டில் கூக்ளி எப்படி எதிர்பார்த்த திசைக்கு நேர்மாறாகத் திரும்புமோ, அப்படியே வழக்கமான வளைபந்துக்கு எதிர்த்திசையில் இது வளையும். இடக்கையரான இவர் எறியும்போது வலக்கை மட்டையாளரை விட்டு விலகி ஓடும். கைக்கு மிகுந்த சிரமம் தரும் பந்து என்பதால் பெரும்பாலானோர் அதன் பக்கமே போவதில்லை. இவரோ அதைப் பழகி, அதிலும் இரண்டு வேகங்களில் எறியும் அளவுக்குத் தேர்ந்தார்.

1981ஆம் ஆண்டுப் பருவத்தின் முதல் நாள், ஏப்ரல் 9. அன்று எறிய வேண்டிய ஜெர்ரி ராய்ஸுக்குக் காலில் காயம் ஏற்பட்டதால், அதற்கு முன் அமெரிக்க பேஸ்பாலின் உயர்மட்டமான பெரிய லீகில் ஒரு ஆட்டத்தைக்கூடத் தொடக்கப் பிட்சராகத் தொடங்கியிராத இந்த இருபது வயது இளைஞரை மேலாளர் டாமி லசோர்டா களமிறக்கினார். ஹியூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல், முழு ஆட்டமான ஒன்பது இன்னிங்ஸையும் தாமே எறிந்து 2-0 என வென்றார். அதோடு நிற்கவில்லை. முதல் எட்டு ஆட்டங்களில் எட்டும் வெற்றி. எட்டிலும் ஒன்பது இன்னிங்ஸ் எறிந்தார். அவற்றுள் ஐந்தில் எதிரணிக்கு ஒரு ரன்கூட இல்லை. மொத்தம் 72 இன்னிங்ஸில் அவர் பொறுப்பில் எழுதப்பட்ட ரன்கள் வெறும் 4. இன்றைக்கு ஒரு தொடக்கப் பிட்சர் ஆறு இன்னிங்ஸ் தாக்குப்பிடித்தாலே பயிற்சியாளர் முதுகில் தட்டிக்கொடுக்கிறார் என்பதை இளைய வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

வேலைநிறுத்தத்தால் இடையில் ஏறக்குறைய இரண்டு மாதங்கள் ஆட்டம் நின்றுபோன அந்தப் பருவத்தின் முடிவில், சிறந்த பிட்சருக்கான சை யங் விருதையும் சிறந்த புதுமுக வீரருக்கான விருதையும் அவர் ஒருங்கே பெற்றார். ஒரே ஆண்டில் இவ்விரண்டையும் பெற்றவர் பேஸ்பால் வரலாற்றில் அவர் ஒருவர்தான்.

அவர் எறிவதைப் பார்த்தவர்களுக்கு அந்த உடலசைவு மறக்காது. இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்துவார். வலது முழங்கால் மெல்ல மேலெழும். அந்தக் கணத்தில் பந்தைப் பிடிக்க எதிரே குந்தியிருக்கும் கேட்ச்சரைப் பார்க்காமல் கண்கள் இரண்டையும் வானத்துக்கு உருட்டுவார். இலக்கைப் பார்க்காமலே எறிகிறாரோ என்று முதன்முறை பார்ப்பவர் திகைக்கும்போதே பந்து போய்ச் சேர்ந்திருக்கும். எங்கள் பள்ளி மைதானத்தில் அதைப் போலச் செய்து பார்க்காத பையன் கிடையாது. உடற்கட்டும் விளையாட்டு வீரருக்கு உரியதாக அப்போது எண்ணப்பட்டதல்ல. சற்றே பருத்த உடல், தொப்பைகூட உண்டு. ஆங்கிலமும் அவருக்கு வராது. ஸ்பானிய வானொலி வருணனையாளர் ஹைமே ஹரீன்தான் செய்தியாளர்களிடம் மொழிபெயர்த்துச் சொல்வார். வீட்டில் ஒரு மொழியும் வெளியில் ஒரு மொழியுமாக வளர்ந்த என்னைப் போன்ற பிள்ளைகளுக்கு, தயக்கமே இல்லாமல் தன் மொழியில் பேசிய ஒருவரை ஊரே காத்திருந்து கேட்டது எவ்வளவு பெரிய தைரியத்தைத் தந்தது என்பதைச் சொல்லி மாளாது.

புள்ளிவிவரங்களில் அகப்படாத ஒன்றும் உண்டு. புகழ்க் கூடக் குழுவினர் முதலில் எடைபோட்டிருக்க வேண்டியது அதைத்தான் என்பது என் கருத்து. டாட்ஜர்ஸ் மைதானம் இருக்கும் சாவேஸ் ரவைன் பகுதியில் முன்பு மெக்சிகோ வம்சாவளி மக்களின் மூன்று குடியிருப்புகள் இருந்தன. அரசு வீடுகள் கட்டித் தருவதாகச் சொல்லி 1950களின் தொடக்கத்தில் அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். வீட்டுத் திட்டம் கைவிடப்பட்டது. நிலம் புரூக்ளினிலிருந்து வந்த டாட்ஜர்ஸ் அணியின் கைக்குப் போனது. வெளியேற மறுத்த கடைசிக் குடும்பங்களை 1959இல் வீட்டிலிருந்து தூக்கிச் சென்று அகற்றினார்கள். 1962இல் மைதானம் திறக்கப்பட்ட பிறகும், அந்த மக்களில் பலர் அதன் வாசலை மிதிக்க மனம் ஒப்பவில்லை. இருபது ஆண்டுகளாக ஆறாதிருந்த அந்தக் கசப்பினூடே, தாத்தா பாட்டியோடும் பேரப்பிள்ளைகளோடும் குடும்பம் குடும்பமாக அவர்களை மைதானத்துக்கு வரவழைத்தவர் வாலென்சுவேலா. அவர் எறியும் நாள்களில் இருக்கைகள் நிரம்பி வழிந்தன. இன்று டாட்ஜர்ஸ் ரசிகர்களில் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் இவ்வளவு பேர் இருப்பதற்கு அவரே முதற்காரணம். அந்த மக்கள் நிலத்தை இழந்த அநீதியை ஒரு பிட்சர் துடைத்துவிட்டார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓர் அணிக்கும் ஓர் ஊருக்கும் இடையிலான உறவையே மாற்றியமைத்த வீரர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

அவரைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது 1981 உலகத் தொடரின் (பருவ முடிவில், முதலில் நான்கு ஆட்டங்களை வெல்லும் அணிக்குக் கோப்பை தரும் தொடர்) மூன்றாவது ஆட்டத்தைத்தான். நியூயார்க் யாங்கீஸ் அணியிடம் முதல் இரண்டு ஆட்டங்களையும் தோற்று டாட்ஜர்ஸ் ஊர் திரும்பியிருந்தது. அக்டோபர் 23 இரவு வாலென்சுவேலாவிடம் அவருடைய வழக்கமான கூர்மை இல்லை. பந்து சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. இலக்குத் தவறிய பந்துகளால் ஏழு பேருக்கு முதல் தளத்துக்கு நடைவழி கொடுத்தார், எதிரணியினர் ஒன்பது முறை அவர் பந்தை அடித்துத் தளம் சேர்ந்தார்கள், ஒரு கட்டத்தில் 4-3 எனப் பின்தங்கினார். வேறு எந்த மேலாளராக இருந்தாலும் அவரை எடுத்துவிட்டு வேறொருவரை அனுப்பியிருப்பார்; லசோர்டா அனுப்பவில்லை. அணி 5-4 என முந்திய பிறகு ஒவ்வொரு இன்னிங்ஸிலும் ஏதோ ஓர் ஆபத்து வர, ஒவ்வொன்றிலிருந்தும் அவர் நிதானம் தவறாமல் மீண்டார். ஒன்பதாவது இன்னிங்ஸில் லூ பினியெல்லாவை ஸ்ட்ரைக் அவுட் செய்து (மூன்று ஸ்ட்ரைக்குகளில் ஆட்டமிழக்கச் செய்து) ஆட்டத்தை முடித்தபோது அவர் ஏறத்தாழ 150 பந்துகளை எறிந்திருந்தார். வயது இன்னும் இருபதே. அடுத்த மூன்று ஆட்டங்களையும் வென்று டாட்ஜர்ஸ் கோப்பையைக் கைப்பற்றியது. எல்லாம் கைகூடும் நாளில் வெல்வதைவிட, எதுவும் கைகூடாத நாளில் விட்டுக்கொடுக்காமல் நின்று வெல்வதே பிட்சரின் தரத்தைக் காட்டும் என்பதை நான் கற்றது அன்றுதான்.

எதிர்த்தரப்பினர் சொல்வது எனக்குத் தெரியாததல்ல. பெரிய லீகில் 173 வெற்றி, 153 தோல்வி, ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுத்த ரன்களின் சராசரி 3.54 என்ற கணக்கு புகழ்க் கூடத்தின் வழக்கமான அளவுகோலுக்குக் குறைவுதான். அந்தக் கணக்கு ஏன் அப்படி ஆனது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1982 முதல் 1987 வரை ஆறு ஆண்டுகளும் ஆண்டுக்கு 250 இன்னிங்ஸுக்குக் குறையாமல் எறிந்தார். 1986இல் 21 வெற்றிகள். 20 ஆட்டங்களை வேறொருவர் உதவியின்றித் தாமே முடித்தார். அதே ஆண்டு, சிறந்த வீரர்கள் மோதும் ஆல் ஸ்டார் ஆட்டத்தில் தொடர்ச்சியாக ஐந்து பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து, 1934இல் கார்ல் ஹப்பல் நிகழ்த்திய சாதனையைச் சமன் செய்தார். வளரும் வயதில் அந்தத் தோள் மீது அணி ஏற்றிய சுமை மிக அதிகம் என்றே நினைக்கிறேன். 1988இல் தோள் ஓய்ந்தது. அதன் பிறகும் 1990 ஜூன் 29 அன்று செயின்ட் லூயிஸ் அணியை ஒரு அடிகூட அடிக்கவிடாமல் ஆட்டத்தை முடித்தார். மறு ஆண்டு மார்ச்சில் அணி அவரை விடுவித்தது.

டாட்ஜர்ஸின் இன்னொரு இடக்கைப் பிட்சரான சாண்டி கோஃபாக்ஸ் 165 வெற்றிகளோடு ஓய்வு பெற்று, 1972இல் புகழ்க் கூடத்தில் இடம்பெற்றார். கோஃபாக்ஸின் உச்சம் வாலென்சுவேலாவின் உச்சத்தைவிட உயர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் மொத்த வெற்றிகளின் எண்ணிக்கையே முடிவான அளவுகோல் அல்ல என்பதற்கு அவரே சான்று. வீரரின் நேர்மை, பண்பு, அணிக்கு அளித்த பங்களிப்பு ஆகியவற்றையும் கருத வேண்டும் என்று புகழ்க் கூடத்தின் விதியே சொல்கிறது.

டாட்ஜர்ஸ் அணி இதை உணர்ந்தது, தாமதமாகவேனும். புகழ்க் கூடத்தில் இடம்பெற்றவர்களின் சட்டை எண்ணுக்கு மட்டுமே ஓய்வளிப்பது (வேறு யாருக்கும் அதைத் தராதிருப்பது) என்ற தன் வழக்கத்தை, முன்னாள் வீரர் ஜிம் கில்லியமுக்குப் பிறகு இவருக்காகத் தளர்த்தி, 2023 ஆகஸ்ட் 11 அன்று 34ஆம் எண்ணுக்கு ஓய்வளித்தது. அவர் 2024 அக்டோபர் 22 அன்று காலமானார். மூன்று நாள்களில் தொடங்கிய உலகத் தொடரில், அதே யாங்கீஸ் அணிக்கு எதிராக, டாட்ஜர்ஸ் வீரர்கள் சட்டையில் 34 என்ற சின்னத்தை அணிந்து ஆடி வென்றார்கள்.

தாங்கள் வெளியிட்ட செய்தியில் குறையொன்றும் இல்லை, இடமின்மையால் சுருக்கியிருப்பீர்கள். வரும் நவம்பர் 1, அவருடைய பிறந்தநாளை ஒட்டி, அவரது ஆட்டத்தையும் சாவேஸ் ரவைன் மக்களின் வரலாற்றையும் சேர்த்து ஒரு முழுக் கட்டுரையைத் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளியிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். பேஸ்பால் அறியாத தமிழ் வாசகர்களும் விரும்பிப் படிப்பார்கள் என நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
லாஸ் ஏஞ்சலஸ், கலிஃபோர்னியா